சுவர் பார்த்து நின்ற டிவி

பவுனம்மாளின் டிவி தொண்டையைச் செருமிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது, தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி முப்பத்திரண்டு நிமிஷத்துக்கு. அங்கே உட்கார்ந்து காய்ந்த அப்பளங்களை அடுக்கிக்கொண்டிருந்த பதினோரு பெண்களில் ஒருத்தியும் பயப்படவில்லை, ஏனென்றால் அது நின்ற முக்காலிக்கு ஒரு கால் குட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். பவுனம்மாள் எழுந்துபோய், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டிவியை நேராகத் திருப்பி வைத்து, குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் உட்காருவதற்குள் டிவி இன்னொரு தடவை செருமியது, மெதுவாக, முதுகு காட்டித் திரும்பியது. அந்தச் செருமலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்கு நெஞ்சில் ஒரு இடறல். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த டிவி அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவி. மதுரையில் உப்புக்காரச் சந்து என்ற அந்த ஒற்றை ஆள் அகலச் சந்தில் எல்லோர் வீட்டிலும் தட்டை டிவி வந்த பிறகும், பவுனம்மாள் அதை மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டியில்தான் அவள் மகள் செண்பகவல்லியின் பெயர் முதன்முதலாக வந்தது. 'ஏழாம் நம்பர் வீடு' என்ற தொடருக்கு வசனம் எழுதுகிறவள் அவள் மகள். தினமும் ஏழரைக்குப் பாட்டு முடிகிற இடத்தில், 'வசனம்: த. செண்பகவல்லி' என்று ஒரு நொடி வந்து போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பவுனம்மாளுக்கு ஒரு நொடியில் அத்தனை எழுத்தைப் படிக்க வராது. முதல் நாள் 'வசனம்' மட்டும் படித்தாள், இரண்டாம் நாள் 'த' என்ற புருஷன் பேரின் எழுத்தைப் பிடித்தாள், மூன்றாம் நாளும் நாலாம் நாளும் 'செண்பக' வரை போனாள், ஐந்தாம் நாள்தான் 'வல்லி' அவள் கைக்கு வந்தது. அன்றைக்கு ஒரு தட்டில் கற்கண்டை எடுத்துக்கொண்டு சந்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் ஒரு வருஷம் அந்தத் தொடரைப்போல ஒரு தொடர் உண்டா என்று சந்தே பேசியது. தங்கச்சிகள் மூன்று பேரைக் கரையேற்ற இட்லிக் கடை போடும் தாமரை என்கிற பெண்ணின் கதை அது. அவள் பேசுகிற பேச்செல்லாம் இந்தச் சந்தில் பேசின பேச்சு. "ஏய், இது நான் சொன்னதுடி, குழாயடியில வச்சு நான் சொன்னது!" என்று தினம் ஒருத்தி குதிப்பாள். அப்புறம் என்ன ஆனதோ, யார் கண் பட்டதோ, தாமரையின் மாமியார் பாயசத்தில் விஷம் கலந்தாள். தங்கச்சி அக்காள் புருஷன்மேல் ஆசைப்பட்டாள். பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்துக் கடத்தினார்கள். பெரியவர்களைக் கைநீட்டி அறைவது வாரம் இரண்டு தடவை என்று ஆகி, அறை விழும்போது ஒரே கன்னத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள். பவுனம்மாள் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். மழை வந்தால் அப்பளத்துக்குக் கவலை, வெயில் வந்தால் சென்னையில் மகளுக்குத் தலைவலி வருமே என்று கவலை. இப்போது அவள் ஒவ்வொரு அறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு, "அவளா எழுதுறா, மேல உள்ளவய்ங்க சொல்றதை எழுதுறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியவில்லையே என்று கூட அப்பளம் போடுகிற ஜெயக்கொடி முணுமுணுத்தபோது, "அப்ப பார்க்காதே" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டிவியில் வந்தது வேறு. தீபாவளிக்கு ஒரு மணி நேரச் சிறப்புக் காட்சியாம், அதற்கு இப்போதே முன்னோட்டம். ஒரு குறுகலான சந்து, சந்தின் முனையில் ஒரு தண்ணீர்க் குழாய், புகை, ஒரு பெண்ணின் ஓடுகிற கால்கள், கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டம். "நடுத்தெருவில் தாமரையின் மானம்! தீபாவளித் திருநாளில், குடும்பத்தோடு காணுங்கள்!" என்று ஒரு ஆண் குரல் முழங்கியது. அப்போதுதான் டிவி செருமியது.

பவுனம்மாள் டிவியைத் திருப்பிய சாக்கில், அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான லோகாம்பாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். லோகாம்பாள் தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த அடுக்கைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஓரமாக வைத்தாள். "வரேன் பவுனு" என்று எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை.

மறுநாள் ஏழரைக்கு டிவி மறுபடி திரும்பிக்கொண்டபோது, கேபிள் துரைராஜைக் கூப்பிட்டார்கள். அவன் டிவியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒயர் நல்லாத்தான்க்கா இருக்கு. மனசுதான் சரியில்ல போல" என்று சொல்லிச் சிரித்தான். ஜெயக்கொடி, கிழக்கே பார்க்க வைத்தால் சரியாகும் என்றாள். வைத்தார்கள், கிழக்கையும் விட்டு மூலைக்குத் திரும்பியது. எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள், அது இந்தப் பக்கம் திரும்பியது. சந்து முனை சலூனிலிருந்து பெரிய கண்ணாடியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தி, கண்ணாடிக்குள் தொடரைப் பார்த்தார்கள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, எல்லோரும் இடது கையால் அறைந்துகொண்டு, ஒரு நாள் ஓடியது. இரண்டாம் நாள் டிவி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டு இருட்டானது. செய்தி வந்தால் காட்டியது, சமையல் வந்தால் காட்டியது, பழைய படம் வந்தால் பல்லெல்லாம் தெரியக் காட்டியது. ஏழரைக்கு மட்டும் ஒரு செருமல், ஒரு திரும்பல்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது ஜெயக்கொடிதான், அதுவும் தன் புருஷனைப் பார்த்து. உப்புக்காரச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பகல் முழுக்க உளுந்து மாவில் கிடந்து அப்பளம் தேய்க்கிற பெண்கள், தலைமுடியிலும் புருவத்திலும் மாவு ஏறி, சாயங்காலம் சந்து முனைக் குழாயடியில்தான் குளிப்பார்கள். மறைப்பு என்று இடுப்பளவு பலகைக்கல் ஒன்றுதான். சந்துக்குள் போக வேறு வழி கிடையாது. அதனால் வேலை முடிந்து வரும் ஆம்பளைகள் முனையிலேயே நின்று தொண்டையைச் செருமுவார்கள், செருமிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள், குளிப்பவள் சேலையைச் சுற்றிக்கொண்டு "போலாம்" என்று சொல்லும் வரைக்கும் அசையமாட்டார்கள். மாப்பிள்ளையாக வந்தவர்களும் சரி, தபால்காரரும் சரி, அப்படித்தான். ஒரு தடவை ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர்கூட மாலையோடு மேளத்தோடு சுவரைப் பார்த்து நின்றுதான் உள்ளே போனார். ஆம்பளைகள் மூக்கு உரசி உரசி, சந்து முனைச் சுவரில் சுண்ணாம்பு வரிசையாகத் தேய்ந்திருக்கும்.

அன்று ஜெயக்கொடி வாசலில் நின்று முனையில் புருஷன் செருமித் திரும்பி நிற்பதைப் பார்த்தாள், அப்படியே கழுத்தைத் திருப்பி உள்ளே டிவி செருமித் திரும்பி நிற்பதைப் பார்த்தாள், இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். "ஏக்கா, இது கோளாறு இல்லக்கா, மரியாதை! வாசலைப் பார்த்தே பதினைஞ்சு வருஷம் உட்கார்ந்திருக்குல்ல, நம்ம ஆம்பளைங்களைப் பார்த்துப் படிச்சிருக்கு!"

அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்ப முயலவில்லை. அந்த வாரத்திலேயே மற்ற வீட்டு டிவிகளும் தொடங்கின. மேசையில் இருந்தவை திரும்பி நின்றன. சுவரில் ஆணியடித்து மாட்டிய தட்டை டிவிகள் திரும்ப வழியில்லாமல், பொண்ணு பார்க்க வந்த இடத்தில் புதுப்பொண்ணு குனிவதுபோலத் தலையைத் தரைக்குக் குனிந்துகொண்டன. ஏழரை மணிக்குச் சந்தில் வரிசையாக ஒரு செருமல் கேட்கும், சாயங்கால வேலை விட்டு முப்பது ஆம்பளைகள் ஒன்றாக வந்ததுபோல. பக்கத்துத் தெருக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் வீட்டு டிவிகள் வெட்கமே இல்லாமல் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு டீச்சரம்மா தன் வீட்டு டிவியை மேசையோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "பத்து நாள் இங்க இருக்கட்டும்மா, நல்ல பழக்கம் ஒட்டுதான்னு பார்ப்போம்" என்று விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அப்படி விடப்பட்ட டிவிகள் எட்டு. அவற்றுக்கெல்லாம் முன்வாசலில் இடம் கொடுத்து, சந்தைப் பார்க்க உட்கார்த்திவைத்தார்கள். "எங்க சந்து டிவிக்கு இருக்கிற மானம் ஊர்ல எவனுக்கு இருக்கு!" என்று ஆம்பளைகள் டீக்கடையில் மார்தட்டினார்கள். குழாயடியில் பெண்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

எல்லோரும் பெருமைப்பட்டார்கள். பவுனம்மாளும் பட்டாள், ஏனென்றால் முதலில் திரும்பியது அவள் வீட்டு டிவி. ஆனால் அது எதைப் பார்க்கமாட்டேன் என்று திரும்பியதோ அதை எழுதியது அவள் மகள். ஒரே நெஞ்சில் இரண்டையும் வைத்துக்கொண்டு அவளுக்கு மாவு உருட்டக் கை வரவில்லை. பெயர் வரும் நொடியில் டிவியின் முதுகைத்தான் பார்த்தாள். முதுகிலிருந்த சின்ன ஓட்டைகளை எண்ணினாள்.

லோகாம்பாள் வராமல் இருபது நாள் ஆகியிருந்தது. அவள் ஏன் வரவில்லை என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோகாம்பாள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, சேலையில் தீப்பிடித்து, அவள் சேலையை உருவி எறிந்துவிட்டுக் குழாயடியைப் பார்த்து ஓடினாள். லீவு நாள், சந்தில் பதினான்கு ஆம்பளைகள். யாரோ ஒருவர் செருமினார். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள், பெண்கள் தண்ணீர் ஊற்றிச் சாக்கைச் சுற்றும் வரைக்கும், அவளை உள்ளே கொண்டுபோகும் வரைக்கும், உள்ளேயிருந்து அவளே நடுங்குகிற குரலில் "போலாம்" என்று சொல்லும் வரைக்கும் நின்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்தோரு வருஷத்தில் சண்டையில்கூட ஒருவரும் அதை எடுத்ததில்லை. சந்து திரும்பி நின்ற கதையைத்தான் செண்பகவல்லி, சந்து நின்று பார்த்த கதையாக எழுதியிருந்தாள்.

பவுனம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். "ஏத்தா, டிவி திரும்பிக்கிருச்சு" என்றாள்.

"முக்காலி வழுக்கும்மா. நான்தான் புது டிவி வாங்கித் தர்றேன்னு சொல்றேன்ல."

"எல்லா வீட்டுலயும் திரும்பிருச்சுத்தா. உன் கதைக்கு மட்டும்."

"அம்மா, நான் எழுதலைன்னா வேற ஆள் எழுதுவான். போட்டியில இருக்கிற தொடர்ல மாமனாரையே சாக்கடையில தள்ளிட்டாய்ங்க. நாங்க என்ன பண்றது?"

"நீ வந்து பாரு" என்றாள் பவுனம்மாள்.

சனிக்கிழமை செண்பகவல்லி வந்தாள், கையில் லேப்டாப்பும் கண்ணுக்குக் கீழே கருவளையமுமாக. ஏழரைக்கு டிவியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் மூச்சுக்கூட விடாமல் அப்பளம் அடுக்கினார்கள். டிவி அவளைப் பார்த்தது, செருமியது, திரும்பியது. அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள், அது இந்தப் பக்கம் வந்தது. இந்தப் பக்கம் வந்தாள், அது மூலைக்குப் போனது. கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று தடவை முக்காலியைச் சுற்றி வந்துவிட்டு, "என்னையுமா?" என்று அதன் தலையில் கையை வைத்துக் கேட்டாள். டிவி சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. லோகாம்பாள் வந்து நின்றாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து ஒரு அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"செம்பகம், அன்னைக்கு நீ பார்த்துட்டியா?" என்றாள், அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே.

செண்பகவல்லி டிவியிலிருந்து கையை எடுத்தாள். "பார்த்தேன் அத்தை. குடத்தோட நின்னுக்கிட்டிருந்தேன்."

"அதைத்தான் இருபது நாளா யோசிச்சேன், இவளுக்கு எப்படித் தெரியும்னு. பதினாலு ஆம்பளைங்களும் திரும்பி நின்னாய்ங்க. நீ ஏழு வயசுப் புள்ள. உன்னையத் திருப்பி நிறுத்தணும்னு எங்க யாருக்கும் தோணலை பாரு. அது எங்க தப்பு."

"அத்தை..."

"இரு, சொல்லி முடிச்சுக்கிறேன். அன்னைக்கு முதல்ல செருமினது யாருன்னு தெரியுமா? உங்கப்பா. தவசி அண்ணன் செருமலைன்னா மத்தவய்ங்களுக்கு என்ன செய்யுறதுன்னே தெரிஞ்சிருக்காது, நாலு பேரு ஓடி வந்திருப்பாய்ங்க, உதவுறேன்னு." லோகாம்பாள் டிவியின் முதுகைக் கையால் காட்டினாள். "அதே செருமல். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், வாயைத் திறந்திருக்க மாட்டா."

பவுனம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். லாரி புக்கிங் ஆபீசிலிருந்து வந்து, முனையில் நின்று, புகையிலைத் தொண்டையோடு தவசி செருமும் அந்தச் செருமல். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

"எழுதக் கூடாதுன்னு நான் சொல்லலை" என்றாள் லோகாம்பாள். "என் மேல தீப்பிடிச்சது நெசம். ஆனா எழுதுனா அந்தச் சுவத்தையும் சேர்த்து எழுது. அதை விட்டுட்டு என்னைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டியே."

செண்பகவல்லி அங்கேயே, அப்பள அடுக்குகளுக்கு நடுவில், லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு மணி நேரம் எழுதினாள். நடுவில் ஜெயக்கொடி மட்டும், "மூக்கு உரசித் தேய்ஞ்ச சுண்ணாம்பு, அதையும் போடு" என்றாள். எழுதி முடித்ததைச் செண்பகவல்லி படித்துக் காட்டினாள். தாமரை ஓடுகிறாள், ஒரு செருமல், பதினான்கு முதுகுகள். மேளம் இல்லை, முழக்கம் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு குரல், "போலாம்." அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே டிவி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்து நின்றது. அது ஏழரை மணித் தொடரைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை, அது முடிந்து செய்தி வந்திருந்தது. ஆனாலும் அது கேட்கத்தான் திரும்பியது என்று சந்து இன்றைக்கும் அடித்துச் சொல்லும்.

தொலைக்காட்சி அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்களாம். "தீபாவளி அன்னைக்கு எவன்மா பதினாலு ஆம்பளைங்க முதுகைப் பார்ப்பான்? பழையபடியே எழுதிக் கொடு, இல்ல விலகிக்கோ" என்றார்களாம். செண்பகவல்லி அம்மாவுக்குப் போன் போட்டு, "என்னம்மா செய்ய?" என்று கேட்டாள்.

பவுனம்மாளுக்குக் கவலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சென்னையில் வீடு, மகளின் கல்யாணம், இந்தச் சந்தில் தினமும் ஏழரைக்கு அவள் நிமிர்ந்து உட்காருகிற அந்த ஒரு நொடி. வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமினாள்.

"சரிம்மா" என்றாள் மகள். "புரிஞ்சிருச்சு."

தீபாவளியன்று செண்பகவல்லி ஊருக்கு வந்துவிட்டாள். காலையில் எண்ணெய்க் குளியல், பகல் முழுக்க வெடிச் சத்தம், வீட்டுக்கு வீடு அதிரசமும் முறுக்கும். சாயங்காலம் ஏழரைக்குப் பழக்கத்தில் எல்லோரும் பவுனம்மாள் வீட்டில் கூடினார்கள். லோகாம்பாள் செண்பகவல்லியைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். பாட்டு தொடங்கியது. டிவி செருமவில்லை. திரும்பவில்லை. ஒரு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தொடர் நேரத்தில் நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பாட்டு முடிகிற இடத்தில் 'வசனம்' என்று வந்தது. பவுனம்மாள் முன்னால் சாய்ந்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவள், அன்றைக்கு முழுவதையும் ஒரே பார்வையில் படித்தாள். வேறு யாரோ ஒரு ஆளின் பெயர். அதில் 'த' இல்லை. செண்பகமும் இல்லை, வல்லியும் இல்லை.

அதைக் காட்டிவிட்டு டிவி செருமியது, முதுகைத் திருப்பிக்கொண்டது. வரிசையாக மற்ற வீடுகளிலும் செருமல் கேட்டது, விடப்பட்ட எட்டு டிவிகளும் சேர்ந்தே செருமின. அந்த ஒரு மணி நேரம் ஊர் முழுக்க எதைப் பார்த்தது என்று உப்புக்காரச் சந்துக்கு இன்றுவரை தெரியாது.

பவுனம்மாள் உள்ளே போய்த் தட்டை எடுத்தாள். டப்பாவைக் கவிழ்த்து நிறையக் கற்கண்டு போட்டுக்கொண்டாள். மத்தாப்பு வெளிச்சத்தில் சந்தின் முதல் வீட்டில் போய் நின்றாள்.

"தீபாவளிக்கு யாருக்கா கற்கண்டு குடுக்குறது?" என்றாள் அந்த வீட்டுக்காரி. "என்ன விசேஷம்?"

"இன்னைக்கு டிவியில என் மக பேரு வரலை" என்றாள் பவுனம்மாள், கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில். "எடுத்துக்க."